முள் சொல்லும் செய்தி: படகு எந்திரத்தின் சுழற்சிமானியும் மின்னேற்றமும்

முன்னுரை

கடலோரச் சிற்றூர்களின் வாழ்வு படகைச் சார்ந்தது. படகின் வாழ்வு அதன் எந்திரத்தைச் சார்ந்தது. பின்புறப் பலகையில் மாட்டப்பெற்று, வேண்டும்போது கழற்றிக் கரைக்கு எடுத்துவரத்தக்க எந்திரத்தை 'அவுட்போர்டு மோட்டார்' என்று வழங்குகிறோம். வெளிப்பொருத்து எந்திரம் என அதனைத் தமிழில் குறிக்கலாம். படகோட்டியின் முன்னே உள்ள பலகையில் ஒரு வட்ட முகமும் ஒரு முள்ளும் கொண்ட சிறு கருவி இருக்கும். எந்திரம் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் காட்டும் அக்கருவியே டேக்கோமீட்டர் எனப்படும் சுழற்சிமானியாகும்.

ஒரு நாள் அந்த முள் எழாமல் கிடக்கிறது. அல்லது காரணமின்றித் துள்ளுகிறது. "மீட்டர் கெட்டுவிட்டது, எந்திரம் ஓடுகிறதே, அது போதும்" என்று படகோட்டி அமைதி கொள்கிறார். சில நாள் கழித்துக் கரையிலிருந்து வெகுதொலைவில் எந்திரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் சாவியைத் திருப்பும்போது, 'டக்' என்ற ஓசை மட்டும் எழுகிறது, எந்திரம் எழவில்லை. பாட்டரி முற்றிலும் இறங்கிப்போயிருக்கிறது. முன்னது ஒரு பழுது, பின்னது வேறொரு பழுது என்று கருதுவோரே மிகுதி. உண்மையில் இரண்டும் ஒரே பழுதின் இரு முகங்களாக இருத்தல் கூடும். முள் முன்கூட்டியே எச்சரித்தது. அதனைக் கேட்பார் இல்லை.

நம் மாணவர் பலருடைய இல்லங்களில் படகும் எந்திரமும் உண்டு. அவர்களுக்கும், அவர்தம் பெரியோர்க்கும் பயன்படும் வகையில், சுழற்சிமானிக்கும் மின்னேற்றத்திற்கும் உள்ள உறவினையும், பழுது நேர்ந்தால் அதன் மூலத்தை நாடிக் காணும் முறையினையும் எளிய தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையும் வரையறையும்

அமெரிக்க நாட்டில் கேமரன் வாட்டர்மன் என்பார் 1905ஆம் ஆண்டில் வெளிப்பொருத்து எந்திரம் ஒன்றை உருவாக்கினார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் தம் எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானின் யமஹா நிறுவனம் 1960ஆம் ஆண்டில் இத்துறையில் அடியெடுத்து வைத்தது. தொடக்கக் கால எந்திரங்கள் கயிற்றை இழுத்து இயக்கப்பட்டவை. கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எந்திரங்கள் பலவற்றில் இன்றும் கயிறுதான். பாட்டரிக்கு அங்கே வேலையில்லை.

சாவியால் இயக்கப்படும் எந்திரங்களே இக்கட்டுரைக்கு உரியன. அவற்றுள்ளும் இன்றைய பெரிய எந்திரங்கள் சிலவற்றில், எந்திரத்தின் உள்ளிருக்கும் சிறு கணினியே சுழற்சி எண்ணிக்கையைக் கணக்கிட்டுத் திரைக்கு அனுப்புகிறது. அத்தகையவற்றில் முள்ளுக்கும் மின்னேற்றத்திற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மின்னாக்கும் சுருளிலிருந்தே சுழற்சிமானிக்குக் கம்பி செல்லும் எந்திரங்கள் இன்றும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றியதே பின்வரும் விளக்கம்.

மின்சாரம் பிறக்கும் இடம்

ஒரு கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தால் அச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மின்காந்தத் தூண்டல் எனப்படும் அந்த விதியே படகு எந்திரத்தின் உச்சியிலும் வேலை செய்கிறது. எந்திரத்தின் மேல்மூடியைக் கழற்றினால் கனத்த சக்கரம் ஒன்று தென்படும். அதனை ஃப்ளைவீல் என்பர். அதன் உள்விளிம்பில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தின் அடியில், அசையாமல் நிற்கும் தட்டின்மேல் செப்புக் கம்பிச் சுருள்கள் அமைந்திருக்கும். அச்சுருள் தொகுதியே ஸ்டேட்டர். பட்டறைகளில் இதனைக் 'காயில்' என்றே வழங்குவர்.

சக்கரம் சுழலும்போது காந்தத்தின் வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறிச் சுருளைக் கடக்கின்றன. ஆகவே பிறக்கும் மின்னோட்டமும் முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறது. இதுவே மாறுதிசை மின்னோட்டம். பாட்டரிக்கோ ஒரே திசையில் செல்லும் மின்னோட்டம்தான் வேண்டும். ஆதலின் இடையில் ரெக்டிஃபையர் எனப்படும் மின்திருத்தி வைக்கப்படுகிறது. இதனுள் பெரும்பாலும் நான்கு டையோடுகள் இருக்கும். டையோடு என்பது ஒருபுறமாக மட்டும் திறக்கும் மடைக்கதவு போன்றது. ஒரு திசையில் மின்னோட்டத்தை விடும், மறு திசையில் தடுக்கும்.

பாட்டரி நிறைந்த பின்னும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் அது கொதித்துக் கெடும். மிகையைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர் எனப்படும் சீராக்கி. பல எந்திரங்களில் திருத்தியும் சீராக்கியும் ஒரே பெட்டிக்குள் அமைந்துள்ளன. சுருள், திருத்தி, சீராக்கி, ஃபியூஸ், கம்பிகள், பாட்டரி என்ற இவ்வரிசையே மின்னேற்றத்தின் பாதையாகும்.

முள் எண்ணுவது எதனை?

சுழற்சிமானி எந்திரத்தின் சுழற்சியை நேரில் காண்பதில்லை. சுருளில் பிறக்கும் மின்துடிப்புகளையே அது எண்ணுகிறது. சுருளிலிருந்து வெளிவரும் மாறுதிசை மின்னோட்டம் திருத்திக்குள் நுழையும் முன்னரே, அக்கம்பியிலிருந்து ஒரு கிளைக் கம்பி பிரிந்து சுழற்சிமானிக்குச் செல்கிறது. அமெரிக்க எந்திரங்கள் பலவற்றில் சுருள் கம்பிகள் மஞ்சள் நிறமும், மானிக்குச் செல்லும் கம்பி சாம்பல் நிறமும் கொண்டவை. யமஹா எந்திரங்களில் இப்பணிக்குப் பச்சை நிறக் கம்பி வரும்.

காந்தத் துருவங்கள் 12 எனக் கொள்வோம். ஒரு வட தென் இணைக்கு ஒரு துடிப்பு என்பதால், ஒரு சுழற்சிக்கு 6 துடிப்புகள் பிறக்கும். எந்திரம் நிமிடத்திற்கு 5000 முறை சுழன்றால் 30,000 துடிப்புகள். அதாவது நொடிக்கு 500. மானி இவற்றை எண்ணி, 6ஆல் வகுத்து, முள்ளை 5000இல் நிறுத்துகிறது.

எல்லா எந்திரங்களிலும் துருவ எண்ணிக்கை ஒன்றல்ல. 4, 10, 12 எனப் பலவாறு உண்டு. அதனால் மானியின் பின்புறத்தில் ஒரு சிறு திருகு வைத்து, எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வழி செய்திருப்பர். சில மானிகளில் துருவ எண்ணிக்கையும் சிலவற்றில் துடிப்பு எண்ணிக்கையும் பொறிக்கப்பட்டிருக்கும். 6 துடிப்பு தரும் எந்திரத்தில் திருகு 4இல் இருந்தால், எந்திரம் 3000 சுழலும்போது முள் 4500 எனக் காட்டும். மாறாக 4 துடிப்பு தரும் எந்திரத்தில் திருகு 6இல் இருந்தால் 3000 என்பது 2000 எனத் தோன்றும். எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் தவறு நேருமானால் அது பழுதன்று. திருகு இடம் மாறியிருக்கிறது என்பதே பொருள்.

ஒரே ஊற்று, இரு வாய்க்கால்

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். பாட்டரிக்கும் சுழற்சிமானிக்கும் ஊற்று ஒன்றே. ஒரு கண்மாயிலிருந்து இரு மடைகள் வழியே நீர் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மடையின் வயல் மட்டும் காய்ந்தால் அந்த வாய்க்காலில் அடைப்பு. இரண்டு வயல்களும் காய்ந்தால் கண்மாயைப் பார்க்க வேண்டும். இந்த எளிய உழவர் அறிவே மின்னேற்றப் பழுதுக்கும் வழிகாட்டி. முள் கெட்டவுடன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "மீட்டர் விலை என்ன?" என்பதன்று, "பாட்டரி ஏறுகிறதா?" என்பதே.

அக்கேள்விக்கு விடை தரும் கருவி, இன்று சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும் மல்டிமீட்டர். அதன் துணையால் நான்கு நிலைகளைப் பிரித்தறியலாம்.

1. முள் எழவில்லை, பாட்டரி ஏறுகிறது. ஊற்று நலமாக உள்ளது. குற்றம் மானியிலோ அதன் கம்பிகளிலோ மட்டுமே.

2. முள் எழவில்லை அல்லது துள்ளுகிறது; பாட்டரியும் ஏறவில்லை. குற்றம் சுருளிலோ திருத்தியிலோ அவற்றின் இணைப்புகளிலோ உள்ளது. புது மானி வாங்கினால் பணம் வீணாகும்.

3. முள் சரியாக நிற்கிறது, பாட்டரி ஏறவில்லை. சுருளிலிருந்து துடிப்பு வருகிறது என்பது உறுதி. ஆகவே திருத்தி, ஃபியூஸ், கம்பி, பாட்டரி ஆகியவற்றை முதலில் ஐயுறுக.

4. முள் நிற்கிறது, பாட்டரி அளவுக்கு மீறி ஏறுகிறது. சீராக்கி தன் பணியைச் செய்யவில்லை.

சோதனைக்கு முன் கொள்ள வேண்டிய எச்சரிக்கை

எந்திரம் ஓடும்போது பாட்டரிக் கம்பியை ஒருபோதும் கழற்றலாகாது. பாட்டரி என்னும் சுமை திடீரென நீங்கினால் மின்னழுத்தம் ஒரு கணத்தில் எகிறித் திருத்தியைச் சுட்டுவிடும். கம்பியைக் கழற்றி எந்திரம் நிற்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் தீயோ தீப்பொறியோ கூடாது. சுழலும் சக்கரத்தின் அருகே கைலி, துண்டு, தளர்ந்த சட்டைக்கை ஆகியன சிக்கினால் உயிருக்கே கேடு. தீப்பொறி மூட்டும் சுருளும் அதே தட்டில் இருத்தல் உண்டு. அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும். அக்கம்பிகளைத் தொடலாகாது. கரையில் வைத்து எந்திரத்தை ஓட்டுவதாயின் குளிர்நீர் செல்ல வழி செய்யாமல் ஓட்டக்கூடாது. நீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் விரைவில் கருகிவிடும்.

படிப்படியான ஆய்வு

முதற்படி: கண்ணால் காண்பது. செலவில்லாத சோதனை இதுவே. பாட்டரியின் இரு முனைகளையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் அதுவே குற்றமாக இருக்கலாம். பச்சையாகவோ வெண்மையாகவோ படிந்த உப்பைச் சுரண்டி, உலோகம் பளிச்சிடும்வரை துடைத்து இறுக்குக. கறுப்புக் கம்பி எந்திர உடலோடு சேருமிடத்தையும், எந்திரத்திலிருந்து வரும் கம்பிக் கற்றையின் இணைப்பையும் அவ்வாறே பிரித்துத் துடைக்க வேண்டும். ஃபியூஸையும் காண்க. உப்புக் காற்றில் வாழும் எந்திரத்தின் பழுதுகளில் பெரும்பங்கு இணைப்புகளிலேயே உள்ளது.

இரண்டாம் படி: ஓய்வில் அளப்பது. எந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பாட்டரியின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஏறத்தாழ 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதியளவு. 12க்குக் கீழே சென்றால் பெரிதும் இறங்கிவிட்டது. இறங்கிய பாட்டரியை வெளிக் கருவியால் ஏற்றிய பிறகே அடுத்த சோதனைகளைச் செய்தல் நலம். ஏற்றியும் நிற்காவிடில் பாட்டரியே முதிர்ந்துவிட்டது. எந்திரத்தின்மேல் பழி போடுவதில் பயனில்லை.

மூன்றாம் படி: ஓட்டத்தில் அளப்பது. எந்திரத்தை நிமிடத்திற்கு 1500 முதல் 2000 சுழற்சி வரையிலான வேகத்தில் ஓடவிட்டுப் பாட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் மின்னேற்றம் நலம். ஓய்வில் இருந்த அளவே காட்டினாலோ, மெல்லக் குறைந்தாலோ மின்னேற்றம் இல்லை. 15ஐத் தாண்டினால் சீராக்கி கெட்டது; பாட்டரி நீர் வற்றும், விளக்குகள் எரிந்து போகும், விலையுயர்ந்த மின்னணுக் கருவிகள் பாழாகும்.

நான்காம் படி: கம்பியில் இழப்பு உண்டா எனக் காண்பது. எந்திரம் ஓடும்போது, பாட்டரியின் எதிர்முனைக்கும் எந்திர உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். வோல்ட்டில் சில பத்தில் ஒரு பங்குக்கு மேல் காட்டினால் அந்தக் கம்பியிலோ இணைப்பிலோ தடை உள்ளது. திருத்தியின் வெளிவாயிலுக்கும் பாட்டரியின் நேர்முனைக்கும் இடையேயும் இவ்வாறே அளக்கலாம். புறத்தே நன்றாகத் தோன்றும் கம்பி, உறைக்குள்ளே கறுத்துப் பொடிந்திருப்பது கடற்கரையில் அரிய காட்சியன்று.

ஐந்தாம் படி: திருத்தியைச் சோதிப்பது. எந்திரத்தை நிறுத்திப் பாட்டரிக் கம்பியைக் கழற்றி, திருத்தியின் கம்பிகளைத் தனியே பிரிக்க வேண்டும். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, ஒவ்வொரு டையோடையும் இரு திசைகளிலும் பார்க்கவேண்டும். நல்ல டையோடு ஒரு திசையில் அரை வோல்ட் அளவில் காட்டி, மறு திசையில் ஏதும் காட்டாது. இரு திசையிலும் மின்சாரம் சென்றால் கதவு உடைந்து திறந்தே கிடக்கிறது. இரு திசையிலும் செல்லாவிடில் கதவு அடைபட்டுவிட்டது. சீராக்கியும் உடன் சேர்ந்த பெட்டியாயின் இந்த எளிய சோதனை முழு விடை தராது. அவ்வெந்திரத்தின் கையேட்டில் உள்ள அளவுகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

டையோடு உடைந்து திறந்து கிடந்தால் சுருளின் மின்சாரம் நேரே எந்திர உடலில் இறங்கிவிடும். அப்போது மானிக்குச் செல்ல வேண்டிய துடிப்பும் மடிந்துபோகும். இவ்வாறு நலமான மானியும் செத்ததுபோல் கிடக்கும். புது மானி மாட்டியும் முள் எழாத கதையின் உட்பொருள் பெரும்பாலும் இதுவே.

ஆறாம் படி: சுருளைச் சோதிப்பது. சுருளின் இரு கம்பிகளையும் பிரித்து, அவற்றிடையே மின்தடையை அளக்க வேண்டும். மிகக் குறைந்த தடை, பல எந்திரங்களில் ஓர் ஓம் அளவோ அதற்கும் குறைவோ இருக்கும். சரியான எண்ணைக் கையேட்டில் காண்க. தொடர்பே இல்லையெனில் சுருள் அறுந்துள்ளது. பின்னர் ஒவ்வொரு கம்பிக்கும் எந்திர உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். இங்கே தொடர்பு இருத்தல் கூடாது. இருந்தால் சுருளின் காப்புப் பூச்சு உருகிவிட்டது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் கருகிய நிறமும், மெழுகுபோல் வழிந்து உறைந்த பூச்சும் அதற்குச் சான்று கூறும். சக்கரத்தைக் கழற்றுவதற்குத் தனிக் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தங்கள் பெயர்ந்துவிடும். இப்பணியைப் பயின்ற மெக்கானிக்கிடம் விடுதலே தக்கது.

ஏழாம் படி: மானியைச் சோதிப்பது. மின்னேற்றம் நலம் என்று உறுதியான பின்னரே இதற்கு வரவேண்டும். சாவியைத் திறந்து, மானியின் மின்வழங்கு முனைக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே 12 வோல்ட் வருகிறதா எனக் காண்க. வரவில்லையெனில் ஃபியூஸிலோ சாவிப் பெட்டியிலோ கம்பியிலோ குற்றம். வந்தால், எந்திரத்தை ஓடவிட்டு, துடிப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே மாறுதிசை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். சில வோல்ட்டேனும் வர வேண்டும். வந்தும் முள் எழவில்லையெனில், பின்புறத் திருகின் நிலையைக் குறித்துக்கொண்டு, சிறு திருப்புளியால் பன்முறை இப்படியும் அப்படியும் திருப்பி, மீண்டும் அதே இடத்தில் நிறுத்த வேண்டும். ஈரத்தால் உள்தொடுமுனையில் படிந்த களிம்பு நீங்கி, முள் உயிர்பெறுவது பலரும் கண்ட உண்மை. அதற்கும் எழாவிடில்தான் மானியை மாற்ற வேண்டும்.

பழுதுக்கு மூலம் எது?

கெட்ட பொருளை மாற்றுவதோடு பணி முடிவதில்லை. அது கெட்டதற்கான காரணத்தையும் களைய வேண்டும். திருத்தியைக் கெடுக்கும் காரணங்கள் மூன்று. பாட்டரிக் கம்பிகளை முனை மாற்றி மாட்டுதல் முதலாவது. ஒரு நொடி போதும், டையோடு சுட்டுவிடும். எந்திரம் ஓடும்போது பாட்டரி இணைப்பு விட்டு விட்டுத் தொடுதல் இரண்டாவது. வெப்பம் மூன்றாவது, காற்றோட்டமற்ற மூடிக்குள், உடலோடு நன்கு படியாமல் மாட்டப்பட்ட பெட்டி தன் சூட்டிலேயே வேகும்.

சுருள் கருகியிருந்தால் திருத்தியையும் சோதிக்காமல் புதுச் சுருளை மாட்டுதல் கூடாது. உடைந்த டையோடு அப்படியே இருக்குமாயின், அது புதுச் சுருளையும் சூடேற்றிக் கருக்கும். விலைமிக்க பொருள் மீண்டும் கெட்டபின், "கம்பெனிப் பொருளே இப்படித்தான்" என்று குறை கூறுவது முறையாகாது.

வரவும் செலவும்

எல்லாப் பொருளும் நலமாயிருந்தும் பாட்டரி இறங்குவதுண்டு. அங்கே பழுது எந்திரத்தில் இல்லை, கணக்கில் உள்ளது. எந்திரத்தை எழுப்ப 150 ஆம்பியர் மின்னோட்டம் 3 நொடி தேவை எனக் கொள்வோம். பெருக்கினால் 450, அதனை 3600ஆல் வகுக்கக் கிடைப்பது 0.125 ஆம்பியர் மணி. பாட்டரியின் கொள்ளளவு 70 ஆம்பியர் மணி என்றால் இது மிகச் சிறு துளி. ஆனால் எந்திரத்தை நிறுத்தி, விளக்கும் மீன் காட்டும் கருவியும் சேர்ந்து 5 ஆம்பியரை 6 மணி நேரம் உண்டால், செலவு 30 ஆம்பியர் மணி. கண்ணைக் கவரும் பெருஞ்செலவு பாட்டரியை இறக்குவதில்லை. கவனிக்கப்படாத சிறு செலவே இறக்குகிறது. குடும்பக் கணக்குக்கும் இது பொருந்தும்.

இழந்த 30 ஆம்பியர் மணியை மீட்க, 6 ஆம்பியர் தரும் சிறு எந்திரம் 5 மணி நேரத்திற்கு மேல் விரைந்து ஓட வேண்டும். மெதுவாக ஓடும்போது சுருள் தன் முழு அளவைத் தருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. ஆகவே இரவில் நெடுநேரம் விளக்கெரிப்போர், எந்திரத்தை எழுப்புவதற்கென ஒரு பாட்டரியும் பிற கருவிகளுக்கென மற்றொன்றும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

முள்ளின் பயன்

பாட்டரி ஏறினால் போதும், முள் எதற்கு என்று வினவுவாரும் உளர். எந்திரத்தை முழு வேகத்தில் விடும்போது அது எவ்வளவு சுழல வேண்டும் என்று தயாரித்தோர் ஓர் எல்லை வகுத்திருப்பர். பல எந்திரங்களில் அது 5000 முதல் 6000 வரை. அவ்வளவை எட்டாவிடில், நீரைத் தள்ளும் விசிறி அந்தப் படகின் சுமைக்கு மிகையானது. எந்திரம் திணறி உள்ளே சூடேறும். எல்லையைத் தாண்டினால் விசிறி போதாது. விசிறியின் புரிநீளம் ஓர் அங்குலம் மாறினால் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை மாறும் என்பது துறையோர் கணக்கு. பொய் சொல்லும் முள்ளை நம்பி விசிறி வாங்குவோர் எந்திரத்தின் ஆயுளைக் குறைத்துக்கொள்கின்றனர். காதால் கேட்டு வேகம் அறியும் முதியோர் நம்மிடையே உண்டு. எனினும் 5000க்கும் 5600க்கும் உள்ள வேறுபாட்டைக் காது துல்லியமாக உரைப்பது அரிது.

மேலும், மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் எந்திரங்களில் பாட்டரியின் அழுத்தம் மிகக் குறைந்தால் ஓடிக்கொண்டிருக்கும் எந்திரமே நின்றுவிடக் கூடும். படகில் புகுந்த நீரை இறைக்கும் பம்பு, திசை காட்டும் கருவி, கரையோடு பேசும் வானொலி, இரவில் பிற கலங்களுக்குத் தம்மைக் காட்டும் விளக்கு ஆகிய அனைத்தும் அந்த ஒரே பெட்டியை நம்பியவை. மின்னேற்றம் நின்றால் இவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக அணையும்.

கலைச்சொல்லும் கடற்கரைச் சொல்லும்

தமிழ்த்துறை மலரில் மொழி பற்றி ஒரு சொல் கூறாது விடுதல் ஒவ்வாது. மின்னேற்றம், மின்திருத்தி, சுழற்சிமானி எனப் பாடநூல்கள் சொற்களைத் தந்துள்ளன. கடற்கரைப் பட்டறையிலோ "சார்ஜ் ஏறவில்லை", "பாட்டரி இறங்கிவிட்டது", "காயில் போயிற்று" என்பனவே வழக்கு. பெயர்கள் அயல்மொழியினவாயினும், ஏறுதல், இறங்குதல், போதல் என்னும் வினைகள் நம்முடையவை. ஏற்றமும் இறக்கமும் அலையிலும் நீர்மட்டத்திலும் கண்டு பழகிய மக்கள், கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தையும் அவ்வினைகளாலேயே புரிந்துகொண்டனர். பட்டறைச் சொல்லை ஏளனம் செய்யாமலும், கலைச்சொல்லைக் கைவிடாமலும் எழுதப் பழகினால், எந்த நுட்பமும் தமிழில் அடங்கும். பயிலும் மாணவர்கள் தத்தம் ஊர்ப் பட்டறைகளில் வழங்கும் சொற்களைத் திரட்டினால் அது மொழிக்கும் தொழிலுக்கும் ஒருசேரச் செய்யும் தொண்டாகும்.

முடிவுரை

சுழற்சிமானியும் பாட்டரியும் ஒரே சுருளின் இரு பிள்ளைகள். ஒன்று நோய்ப்பட்டால் மற்றதன் நலத்தையும் உசாவ வேண்டும். முள் விழுந்த அன்றே, கரையில் நின்றபடி, பாட்டரி முனைகளைத் துடைத்து இறுக்கி, எந்திரத்தை ஓடவிட்டு மின்னழுத்தத்தை ஒருமுறை அளந்துவிட்டால், எதனை மாற்ற வேண்டும், எதனை மாற்ற வேண்டாம் என்பது பெரும்பாலும் அப்போதே தெளிவாகும். செலவில்லாத சோதனை முதலிலும், செலவு மிக்க மாற்றம் இறுதியிலும் வருதல் வேண்டும். படகுள்ள வீட்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மல்டிமீட்டரைக் கையாளக் கற்றுக்கொள்வது நன்று. கடலுக்குச் செல்லுமுன் அரை நிமிடம் செலவிட்டு எடுக்கும் அந்த ஓர் அளவு, போனவர் பொழுதோடு கரை திரும்பத் துணை நிற்கும்.